பங்களாவின் முகப்பும் லயத்தின் முனைச்சுவரும்

நானுஓயாவில் புகையிரதத்தை விட்டு இறங்கி நுவரெலியாவை நோக்கி மலைப்பாதையில் ஏறிச் செல்லும் பிரயாணிக்கு, நகரத்தின் எல்லையிலேயே ஒரு மயக்கம் காத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரம், மூடுபனி, சைப்பிரஸ் மரங்கள், அவற்றின் நடுவே செங்குத்தாகச் சரிந்த கூரைகளும், வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் முக்கோண முகப்புகளும் கொண்ட வீடுகள். இது இலங்கைதானா, இங்கிலாந்தின் ஏதோவொரு கிராமமா என்று அவன் ஐயுறவேண்டும் என்பதே அவ்வீடுகளைக் கட்டுவித்தவர்களின் விருப்பம். சுற்றுலாக் கைநூல்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதி இன்றுவரை அவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றன.

இருபுறமும் சரியும் கூரையின் முனையில் முக்கோணமாக எழும் சுவரை ஆங்கிலக் கட்டட நூலார் 'கேபிள்' என்பர். நாம் அதை முகட்டுச் சுவர் என்று அழைப்போம். மழையும் காற்றும் கூரைக்குள் புகாமல் தடுப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு அலங்காரம் அவசியமில்லை. எனினும், சரிவுக்கூரை உள்ள நாடுகளில் மனிதன் அந்த முக்கோணத்தைச் சும்மா விட்டது அபூர்வம். தூரத்திலிருந்து வருகிறவனின் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆகவே வீட்டுக்காரன் தான் யார், எங்கிருந்து வந்தவன், எதைப் பெருமையாகக் கருதுகிறவன் என்பதை அங்கே எழுதி வைக்கிறான். மலையகத்தின் சரித்திரத்தைத் தேயிலை ஏற்றுமதிக் கணக்கைக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டு எழுதியிருக்கிறார்கள். முகட்டுச் சுவர்களைக்கொண்டும் அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கறுப்பு வெள்ளை முகப்பின் பூர்வோத்தரத்தை முதலில் பார்ப்போம். 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மன்னர்களின் காலத்தில் அந்நாட்டுத் தச்சர்கள் ஓக் மரத்தால் வீட்டின் எலும்புக்கூட்டைக் கட்டினார்கள். உத்தரமும் தூணும் சாய்சட்டமும் துளையிலே பொருத்தப்பட்டு மர ஆணிகளால் இறுக்கப்பட்டன. சட்டங்களுக்கிடையே மிலாறுகளைப் பின்னி, களிமண் அப்பி, சுண்ணாம்பு பூசினார்கள். வெளியே தெரிந்த மரம் அலங்காரத்துக்காக வெளியே விடப்பட்டதல்ல. வீடு நின்றதே அதனால்தான். குறுக்குச் சட்டம் இருந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு பாரம் இருந்தது.

அந்தக் காலம் இங்கிலாந்தின் பொற்காலம் என்று பிற்காலத்துப் பிரபுக்கள் பாடிக்கொண்டார்கள். ஆனால், அதே காலத்தில்தான் ஆட்டு மந்தைகளுக்காகக் குடியானவர்களின் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டன. ஆடுகள் மனிதரைத் தின்னத் தொடங்கிவிட்டன என்ற கருத்தில் தோமஸ் மோர் தமது 'உட்டோப்பியா'விலே 1516-ல் எழுதியது இதைப் பற்றித்தான். நிலத்தைப் பறிகொடுத்தவன் நாடோடியானான். கம்பளி விற்றுப் பணம் சேர்த்தவன் முகட்டில் சித்திரச் சட்டம் வைத்த மாளிகை கட்டினான். டியூடர் முகப்பின் அழகை ரசிக்கும்போது இதையும் நினைவில் வைத்தல் நல்லது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், நிலக்கரியும் நீராவியும் இங்கிலாந்தைப் புகையால் மூடியிருந்த வேளையில், பணம் படைத்தவர்களுக்குப் பழைய கிராமத்தின் மீது காதல் பிறந்தது. றிச்சர்ட் நோர்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் 1860களின் இறுதியில் சசெக்ஸ் பகுதியில் எழுப்பிய லேஸ்வுட் மாளிகை இந்த 'பழைய ஆங்கில' பாணிக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித்தந்தது. நோர்தம்பர்லாந்தில் அவர் விரித்துக் கட்டிய கிராக்சைட் மாளிகையின் உச்சியிலும் மரச்சட்ட முகடுகள் உண்டு. அதன் சொந்தக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங், பீரங்கி உற்பத்தியால் கோடீஸ்வரரானவர்! பீரங்கி விற்ற பணம் கிராமியத் தச்சனின் எளிமையை வேடமாகப் பூண்டது. இவ்வேடத்தில் மரச்சட்டம் பெரும்பாலும் எதையும் தாங்கவில்லை. செங்கற் சுவர் வழக்கம்போல் எழுந்து நின்றது; அதன்மேல் பலகைகளை ஆணியடித்து, இடைவெளியில் சாந்து பூசி, கறுப்பு வர்ணம் தீட்டினார்கள். எலும்பு தோலாகிவிட்டது.

இந்தத் தோல்தான் கப்பலேறி நம் மலைகளுக்கு வந்தது.

அது வந்த காலத்தைக் கவனிக்கவேண்டும். 1840-ம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் மூலம் கண்டிச் சிங்களக் குடியானவர்களின் சேனை நிலங்களும் காடுகளும் அரசுக்குரியவை ஆக்கப்பட்டுக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. ஆரம்பகாலத் துரைமாரின் வீடுகள் பெரும்பாலும் எளிமையானவையே. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார்; 1869-ல் கோப்பியை இலைநோய் பிடித்தது; கோப்பி அழிந்த மலைகளைத் தேயிலை மூடியது. 1884-ல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. மறு ஆண்டில் நானுஓயாவை. தலைச்சுமையிலும் மாட்டு வண்டியிலும் மேலேறிய சாமான்கள் இப்போது பெட்டி பெட்டியாய் வந்து இறங்கின. முகப்புக்கு வேண்டிய அறுத்த பலகையும், வர்ணமும், கண்ணாடியும் எளிதாகக் கிடைத்தன. கூரை விளிம்புக்கு நீராவி ரம்பத்தால் பூவேலை வெட்டிய பலகைகளை அக்காலத்து ஆலைகள் அடி அளவில் விற்றன. செதுக்குளி பிடித்த கையின் நேரத்தை இயந்திரம் மலிவாக்கியதால்தான் அலங்காரம் கடைச்சரக்காயிற்று என்பது பொருளாதார வரலாற்று மாணவர்கள் ஆராயத்தக்க விஷயம்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் நுவரெலியாவில் கட்டிய வாசஸ்தலமே பின்னர் விரிந்து வளர்ந்து 'கிராண்ட் ஹோட்டல்' ஆயிற்று. அதன் முகப்பு எலிசபெத் அரசியின் காலத்து மாளிகையைப் பாவனை செய்கிறது. 1876-ல் தோன்றிய ஹில் கிளப், துரைமார் தமக்குள் மட்டும் கூடுவதற்கென வைத்துக்கொண்ட சங்கம். 1894-ல் எழுந்த செங்கல் தபாற்கந்தோரும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை வேறாகச் சொல்லவேண்டும். அக்கட்டடத்தைச் சுற்றுலா விடுதிக்குக் கொடுத்துவிடும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏகாதிபத்தியம் கட்டிய முகப்பானாலும், நூற்றாண்டுக்கு மேலாகக் கடிதம் பிரித்தும் முத்திரை குத்தியும் உழைத்தவர்களுக்கு அதன்மேல் உரிமை பிறந்துவிட்டது. கட்டடத்தின் பிறப்பை மட்டும் வைத்து அதன் வர்க்கத்தைத் தீர்மானித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

போலிச் சட்டத்துக்கு நமது மலைநாட்டு மழை நல்ல பரீட்சை வைத்தது. உண்மையான மரச்சட்ட வீட்டில் ஓக் மரம் வெயிலில் சுருங்கியும் மழையில் ஊதியும் சட்டத்தோடு சட்டமாக அசைந்துகொள்ளும். செங்கல்லின்மேல் ஆணியடித்த பலகையோ அசையும், சுவர் அசையாது. பலகைக்கும் சாந்துக்கும் இடையே மயிரிழை வெடிப்பு விழும். அதற்குள் நீர் புகுந்து, பின்புறம் காயாமல் நின்று, ஆணியைத் துருப்பிடிக்கச் செய்து, பலகையை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும். முன்னால் பார்த்தால் கறுப்பு வர்ணம் பளபளக்கும். ஆகவே அந்த முகப்பை நிறுத்தி வைக்க ஓயாத பராமரிப்பு வேண்டும்: ஏணி வைத்து ஏறிச் சுரண்டவேண்டும், அடைக்கவேண்டும், மறுபடி பூசவேண்டும். அந்த ஏணியில் ஏறியவன் துரையல்லன்.

அவன் வேலை முடிந்து திரும்பிய இடம் லயம். லயத்தின் கட்டுமானம் மலையகத்தார் யாவருக்கும் தெரிந்ததாயினும், கட்டடக் கணக்காக அதை ஒருமுறை பார்ப்பது பயனுடையது. காம்பிரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அவ்வாறு பத்து, பன்னிரண்டு காம்பிராக்கள் ஒரே வரிசை. இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு பன்னிரண்டு. இருபத்து நான்கு குடும்பங்களுக்கு ஒரே முகடு. பக்கச்சுவரும் பின்சுவரும் பங்குச்சுவர்கள். நடுக்காம்பிராவுக்கு மூன்று பக்கம் அடைப்பு. காற்றும் வெளிச்சமும் வாசல் வழியாக மட்டும். கோப்பிக் காலத்தில் புல் வேய்ந்திருந்த கூரை பின்னர் நெளிதகரமாயிற்று. 1829-ல் ஹென்றி பாமர் என்ற ஆங்கில எஞ்சினியர் காப்புரிமை பெற்ற இந்த நெளிதகரம், சுமக்க இலேசானது. நீளமான கூரையைச் சீக்கிரம் மூடவல்லது. குளிர் இரவுகளில் அதன் அடியிலே மூச்சுக்காற்றே நீராகத் துளிர்க்கும். அதை அக்கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இருபத்து நான்கு குடும்பங்களுக்கு எத்தனை முகட்டுச் சுவர்? இரண்டு. எதிரே குன்றின்மேல் ஒரு குடும்பத்துக்காக நிற்கும் பங்களாவுக்கு வாசலுக்கொன்று, வரவேற்பறைக்கொன்று, பக்கவாட்டில் இரண்டு என்று நான்கும் ஐந்தும் இருக்கலாம். முகடு கூடக்கூடக் கூரையில் பள்ளமும் மூலையும் கூடும், செலவும் கூடும். செலவைக் காட்டுவதே அங்கே நோக்கம். செலவை மறைப்பதும் குறைப்பதும் லயத்தின் நோக்கம். லயத்தின் இரண்டு முனைச்சுவர்களிலும் பலகையுமில்லை, பூவேலையுமில்லை, வெள்ளைச் சுண்ணாம்பு. லயங்களை எண்ணால் அழைப்பதே தோட்டத்து வழக்கம். முனைச்சுவரை ஒட்டிய அறையை நம் மக்கள் தொங்கல் காம்பிரா என்பார்கள். அதற்கு ஒரு வெளிப்பக்கச் சுவர் அதிகம்; ஆகையால் ஒரு ஜன்னலுக்கு இடமுண்டு. முகட்டுச் சுவரால் ஓர் உழைப்பாளி அடைந்த அதிகபட்ச லாபம் அந்த ஜன்னல்தான்.

'லயம்' என்ற நம் சொல் 'லைன்' என்பதன் திரிபு. படைவீரரை வரிசையாக அடைத்துவைக்கும் பாளையத்தின் பெயர். இனிமையான ஒரு வடசொல்லின் ஓசையை அது தற்செயலாகப் பெற்றுவிட்டது. பெயரே சொல்லுகிறது, அது வீடாக நினைக்கப்படவில்லை என்று. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மண்சுவரும் திண்ணையும் மாடக்குழியும் கொண்ட வீட்டு நினைவு இருந்தது. அந்த நினைவை வைக்க லயத்தில் சுவர் இல்லை. ஏனெனில் சுவர் அவர்களுடையதல்ல.

இங்கேதான் கட்டடக் கலை சட்டத்திடம் கைகொடுக்கிறது. காம்பிரா கூலியின் ஒரு பகுதி. வேலை போனால் கூரையும் போகும். துண்டுச்சீட்டு கையில் கொடுக்கப்பட்ட அன்றே குடும்பம் தெருவில் நிற்கும். தோட்டம் தனியார் சொத்தாகையால், லயத்துக்கு வரும் விருந்தாளியும் துரையின் தயவில் வந்தவனே. 1931-ல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், துணி வியாபாரியைப்போல் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்று சொல்வார்கள். தொழிலாளியின் வாசலில் நின்று தொழிலாளியோடு பேச வேடம் வேண்டியிருந்தது! 1946-ல் கேகாலைப் பகுதியில், உருளவள்ளிப் போராட்டம் என்று நம்மவர் வழங்கும் நேவ்ஸ்மயர் தோட்டத்துப் போராட்டமும் இதே முடிச்சைப் பற்றியது. தோட்டத்தை அரசு கையேற்றுப் பிறருக்குப் பகிர முற்பட்டபோது, அங்கேயே உழைத்து வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். தாம் வாழ்ந்த அறைக்குள் இருந்ததற்காகவே அத்துமீறல் குற்றம் சுமத்தப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணி இரண்டு நாடுகளுக்குப் பங்கிட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவன் இன்று எந்தச் சுவருக்கு வர்ணம் பூசுவான்?

சில தோழர்கள் இங்கே ஓர் ஆட்சேபத்தை எழுப்புவதுண்டு: கூரை ஒழுகும்போது முகப்பு அலங்காரத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கல்லவா? அலங்காரமே ஆளும் வர்க்கத்தின் போலித்தனந்தானே? இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை.

போலி என்ற குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரத்திலே, ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஒற்றைக்கல்லில் குடைந்த வீமரதத்தைப் பாருங்கள். வண்டிக்கூண்டு போல் வளைந்த அதன் கூரை மூங்கிலை வளைத்து வேய்ந்த கூரையின் வடிவம். இரு முனைகளிலும் உள்ள முகட்டு வளைவு மரச்சட்டத்தின் வடிவம். பக்கத்திலே திரௌபதி ரதம், கல்லாய் நிற்கும் ஓலைக்குடிசை. கருங்கல்லுக்கு மூங்கிலைப்போல் வளையவேண்டிய தேவை என்ன? தேவை கல்லுடையதல்ல, முன்னோர் வாழ்ந்த குடிசையை மறக்க விரும்பாத சமூகத்தினுடையது. நமது கோபுரங்களில் வரிசை வரிசையாக நிற்கும் 'கூடு' என்னும் லாட வடிவம் அந்தக் குடிசை முகட்டின் நினைவே. பழைய வீட்டைப் புதிய பொருளிலே நினைவுகூர்வது மனிதகுலத்தின் வழக்கம்.

இன்னொரு கோடியில் அமெரிக்காவைப் பார்ப்போம். நோர்மன் ஷாவின் பாணி அத்திலாந்திக்கைக் கடந்தபோது, அந்நாட்டுத் தச்சர்கள் முகட்டுச் சுவரை மீன்செதில்போல் வெட்டிய சிறு மரத்துண்டுகளால் போர்த்தினார்கள். 1950களின் பிற்பகுதியில் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் செய்த சுவர்ப் போர்வைகள் அங்கே சந்தைக்கு வந்தன. இன்று சாதாரண வருமானக்காரரின் வீட்டு முகட்டிலும் அதே மீன்செதில் பிளாஸ்டிக்கில் மின்னுகிறது. அதைப் பொருத்தும் முறை சுவையானது. முக்கோணத்தின் சரிவைப் பழைய துண்டொன்றில் அளந்து வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை வெட்டுவார்கள். சரிவின் ஓரங்களில் முதலில் ஒரு தவாளிப் பட்டியை அடித்து, துண்டுகளின் முனையை அதற்குள் செருகுவார்கள். ஆணியை நீள்துளையின் நடுவில், தலை முட்டாமல் தளர்வாக அடிக்கவேண்டும். முனையில் கால் அங்குலம் இடைவெளி விடவேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் நீளும். இறுக அடித்தால் நெளிந்து புடைக்கும். எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலே அதை உருகச் செய்வதும் உண்டு. கட்டடக் கலைஞர்கள் இதைக் கண்டு முகஞ்சுளிக்கிறார்கள். மரமல்லாதது மரமாக நடிக்கிறது என்கிறார்கள். நியாயம்! ஆனால் நுவரெலியாவில் எதையும் தாங்காத பலகை உத்தரமாக நடிப்பதைப் 'பாரம்பரியம்' என்று போற்றிப் படமெடுப்பவர்களும் பல சமயம் இதே ரசனைக்காரர்கள்தாம். இரண்டிலும் ஆணி ஒன்றுதான்.

ஆகவே அலங்காரம் பொய்யா மெய்யா என்பது என் பிரச்சினை அல்ல. எவருடைய நினைவுக்குச் சுவர் கிடைத்தது, எவருடைய நினைவுக்குக் கிடைக்கவில்லை என்பதே பிரச்சினை. துரைமார் தாம் பிறந்த நாட்டை நினைத்து ஏங்கியதில் தவறில்லை. அந்த ஏக்கத்தை ஆணியடித்து நிறுத்த வேறொருவனின் கையை எடுத்துக்கொண்டு, அந்தக் கைக்கு ஓர் அங்குலச் சுவரும் தர மறுத்தார்கள். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தபோதும், 1992-ல் அவற்றின் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனபோதும், லயத்துச் சுவர் தோட்டத்தின் சுவராகவே இருந்தது.

மக்கள் சும்மா இருந்தார்களா? இன்று பல லயங்களிலே ஒரு காட்சியைக் காணலாம். ஒரு குடும்பம் தன் காம்பிராவின் முன்சுவருக்குப் பச்சை வர்ணம் பூசியிருக்கும், அடுத்தது நீலம், அதற்கடுத்தது இளஞ்சிவப்பு. பங்குச்சுவர் தொடங்கும் இடத்தில் கயிறு பிடித்தாற்போல் நிறம் மாறும். ஒரே நீளச் சுவரைப் பன்னிரண்டு வீடாகப் பிரித்துக் காட்டும் அந்தக் கோடுகளை எந்த வரைபடமும் போடவில்லை. தொங்கல் காம்பிராக்காரர் முனைச்சுவரிலும் கையெட்டும் உயரம்வரை பூசியிருப்பார். அதற்குமேல் முக்கோணம் பழைய நிறத்திலேயே நிற்கும்.

இப்போது தனிவீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. இந்திய உதவியுடன் மலையகத்துக்கு நாலாயிரம் வீடுகள் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 2017 மே 12-ம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணி, ஏறத்தாழ 550 சதுர அடி வீடு என்பது அளவு. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. பெருந்தொகையான மக்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கையில் இந்த எண்ணிக்கை சிறிது, வேகமும் போதாது. வீட்டோடு கையில் கொடுக்கப்படும் காகிதம் முழுமையான காணி உறுதியா, வெறும் அனுமதியா என்பதை ஒவ்வொரு திட்டத்திலும் உரத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. உறுதியில்லாத வீடு தனித்து நிற்கும் ஒரு காம்பிராதான்.

வீட்டின் வடிவத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். வரிசையாக நிற்கும் ஒரே அச்சு வீடுகளின் வரைபடத்தை அதில் வாழப் போகிற பெண்களிடம் யாராவது காட்டியதுண்டா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்கவேண்டும், புகை எங்கே போகவேண்டும், மழைக்காலத்தில் கொழுந்துக் கூடையும் நனைந்த படங்கும் எங்கே காயவேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தாம். இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்பவர்களுக்கு வத்தாபுளுவையைக் காட்டலாம். ஹட்டனிலிருந்து அதிக தூரமில்லாத கண்டி நகரில், மினெற் டி சில்வா என்ற கட்டடக் கலைஞர் 1950களின் பிற்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்கென வத்தாபுளுவை வீட்டுத் திட்டத்தை அமைத்தபோது, குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, அவர்களது தேவையையும் விருப்பத்தையும் அறிந்து, பல மாதிரிகளை வகுத்தார். தும்பறைப் பாய் நெசவின் கோலங்களைத் தம் கட்டடங்களில் தயக்கமின்றிப் பயன்படுத்தியவர் அவர். கிராமத்துக் கைவினைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். அந்த வினாக்கொத்தைத் தமிழில் ஆக்கி, தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் லயம் லயமாக எடுத்துச் செல்லலாம். அதில் சமையலறையைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்ததாக முகட்டுச் சுவரைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கட்டும். அதற்குரிய பதிலை வீட்டுக்காரரே வரைந்து கொடுக்கத்தக்கதாக ஒரு வெற்று முக்கோணமும் அச்சிடப்படட்டும்.